இனாயத் பாய் காலியாக விட்ட கட்டம்

செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். இனாயத் பாயின் மகள் நஸ்ரீன் போன் செய்தாள். "அங்கிள், அப்பா போய்ட்டாங்க. வேலூருக்குக் கூட்டினு போற வழியிலயே..." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று நாளாக நெஞ்சு வலித்ததை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்வந்த மனிதர் மேல் கோபம். போன ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்த என் மேல் அதைவிடக் கோபம். லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கோபம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வாசலில் பேனர். கூட்டம் நடத்துகிறவர்களின் படங்கள் ஆளுயரத்துக்கு. 'கல்வெட்டு அறிஞர்' என்று போட்டு இனாயத் பாயின் படம் ஒரு மூலையில். மேடையேறிய ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், "தோல் தொழிலாளியாக இருந்தும் பழந்தமிழ் எழுத்தின் மேல் தீராத காதல் கொண்டவர்" என்றார். கைதட்டினார்கள். இதே பேராசிரியர்தான், வேலூரில் முன்பு நடந்த ஒரு கருத்தரங்கில் பாய் எழுந்து சந்தேகம் கேட்டபோது, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டவர். "எட்டாவது, சார். கல்லுல வெட்டுனவன் எத்தனாவது படிச்சான்னு தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் பாய். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்டுத்தான் கேட்டார். மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 'இருந்தும்' என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இனாயத் பாய் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருடம் தரம் பிரித்தவர். செலக்‌ஷன் என்று சொல்வார்கள். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று ஒதுக்குகிற வேலை. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். தோல் தொழிலைப் பற்றி எழுதப் போன இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஒரு தோலில் இருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார். "இது மாடு உயிரோட இருக்கச்சொல்லோ முள்ளு கீறினது. ஓரம் ஆறியிருக்குது பாருங்க. இது செத்தப்புறம் கத்தி பட்டது. ஆறவே இல்ல." எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கல்லிலும் அவர் இப்படித்தான் படித்தார். உளி போட்ட கோடு எது, பின்னால் யாரோ அரிவாள் தீட்டிய கோடு எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடுவார். படித்தவர்கள் உச்சி வெயிலில் போய் நின்று 'எழுத்துகள் சிதைந்துள்ளன' என்று எழுதிவிட்டு வந்த கற்களை, இவர் சாயங்கால வெயில் சாய்கிற நேரத்தில் போய்ப் படித்துவிட்டு வருவார். ஷாப் கற்றுக்கொடுத்த பாடம் அது.

எழுத்துப் பைத்தியம் அவருக்குப் பிடித்ததும் அங்கேதான். மாட்டுக்குச் சூடு போட்ட குறி தோலில் அப்படியே நிற்கும். மற்றவர்களுக்கு அது குறை. அந்தத் தோல் கீழ்த் தரத்துக்குப் போய்விடும். பாய் மட்டும் அந்தக் குறிகளை ஒரு நோட்டில் வரைந்து வைப்பார். "ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. இன்னாத்துக்கு இத போட்டான்? இது என் மாடுன்னு சொல்றதுக்கு. எழுத்து எப்டிப் பொறந்துச்சுன்னு ஜாஸ்தி யோசிக்கத் தேவையில்ல, மூர்த்தி சார். எவனோ ஒருத்தனுக்கு, தான் இல்லாத எடத்துலயும் தன் பேச்சு நிக்கணும்னு தோணிச்சு." சூட்டுக்குறியிலிருந்து ஆரம்பித்து, நூலகம் நூலகமாக அலைந்து, வட்டெழுத்தில் வந்து நின்றார். நம் பக்கத்து நடுகற்களில் பழைய தமிழை வெட்டியிருக்கும் அந்த உருண்டை எழுத்தின் பட்டியலைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். ஓலை கிழியக் கூடாது என்றுதான் எழுத்தை உருட்டினார்கள் என்று யாரோ சொன்னதற்கு, "கல்லு கிழியாதே, அங்கயும் ஏன் உருட்டினான்? ஓலையில பழகின கை, கல்லு வந்தாலும் மாறல" என்றார். ஒரு கையின் பழக்கத்தை அடையாளம் காண இன்னொரு பழகிய கை வேண்டியிருக்கிறது.

"உருது பேசுற ஆளு, உங்களுக்கு எதுக்கு பாய் வட்டெழுத்து?" என்று என் முன்னாலேயே ஒருவர் கேட்டார். அந்த ஆளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு. பாய் தரையில் குச்சியால் ஒரு மாட்டுத் தலையை வரைந்தார், இரண்டு கொம்போடு. "ரொம்பப் பழைய காலத்துல இதுதான் மொத எழுத்து. மாடுன்னு பேரு. இதக் கவுத்துப் போட்டா இங்கிலீஷ்காரன் மொத எழுத்து. தேஞ்சு தேஞ்சு ஒத்தக் கோடா நின்னா, நாங்க ஓதுற அரபியில மொத எழுத்து, அலிஃப். நம்ம 'அ'வும் அந்த வழியாதான் வந்துச்சா, தனியாப் பொறந்துச்சான்னு படிச்சவங்க இன்னும் சண்டை போட்டுனு இருக்காங்க. எனக்குத் தெரியாது. ஆனா நான் தெனம் மாட்டுத் தோலத் தொடுறவன். எனக்கு எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்றது?" கேட்டவருக்கு டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார். அவருக்குக் கோபம் வராது. அந்தப் பங்கையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய நோட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷாப்பில் தரம் பிரிக்கும் தாளில் கட்டங்கள் உண்டு: எண், அளவு, குறை, காரணம். ஒரு தோலை ஒதுக்கினால் ஏன் ஒதுக்கினாய் என்று காரணம் எழுதியாக வேண்டும். கல்வெட்டு நோட்டையும் அப்படியே கட்டம் போட்டு வைத்திருந்தார். கல் எங்கே இருக்கிறது, எத்தனை வரி, எது படிக்க முடியவில்லை, காரணம். 'மழையில் தேய்ந்தது.' 'மைல்கல்லாக நட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள்.' 'துணி துவைக்கிறார்கள்.' காரணம் எழுதாமல் ஒரு கட்டத்தைக்கூட அவர் விட்டதில்லை. விட்டது ஒன்றே ஒன்று. அதற்குத்தான் வருகிறேன்.

நாட்றம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், நிலத்தில் பாதி புதைந்த ஒரு நடுகல் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாக இருந்தது. வில்லோடு ஒரு வீரன். தலைக்கு மேலே வட்டெழுத்து. மீதி எழுத்து காலுக்குக் கீழே இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. எண்ணெயும் மஞ்சளும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள்தான் சாமியைக் கழுவுவது அந்த ஊர் வழக்கம். பாய் ஏழு மாதம் காத்திருந்தார். அன்றைக்குத் தர்மகர்த்தா கோவிந்தன் சீயக்காய் போட்டுக் கழுவி முடித்ததும், பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தாளைக் கல்லின் மேல் விரித்துத் தூரிகையால் தட்டித் தட்டி ஒட்டினார். துண்டுத் தோலில் தானே தைத்த ஒரு மெத்தையில் மை தொட்டு ஒற்றினார். கருப்பு ஏற ஏற எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. நான் தாளின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வரி கிடைத்தது. பல்லவ அரசன் ஆட்சியாண்டு, நாட்டுத் தலைவன் பெயர், பிறகு 'அவன் சேவகன்' என்பது வரை. இப்படிப்பட்ட கற்களில் வழக்கமாக வருவதுபோல, மாட்டுக் கூட்டத்தை எதிரி ஓட்டிப் போனபோது மீட்கப் போய்ச் செத்த அந்தச் சேவகன் யார் என்பது நான்காம் வரியில். அது மண்ணுக்குள்.

"சாமி கால்ல கடப்பாரை போடக் கூடாது பாய். சாமிகிட்ட பூ போட்டு உத்தரவு கேக்கணும். அடுத்த ஆடிக்குக் கேட்டுட்டு நானே தோண்டித் தர்றேன்" என்றார் கோவிந்தன்.

"இருக்கட்டும். இத்தினி வருசம் நின்னவன் ஒரு வருசம் நிக்க மாட்டானா" என்றார் பாய். திரும்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "மூர்த்தி சார், பேர் கெடைக்கிற வரைக்கும் பேப்பர்ல போடாதீங்க. செய்தி வந்துட்டா கல்லு சும்மா இருக்காது."

சரி என்றேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மாவட்டப் பக்கத்தில் போட ஒன்றும் கிடைக்காத ஒரு வாரத்தில், 'நாட்றம்பள்ளி அருகே பல்லவர் காலத்து நடுகல்' என்று எழுதி அனுப்பினேன். நான்கு பத்தி, படம், என் பெயர். பாயிடம் கேட்கக்கூட இல்லை. நல்லதுதானே, யாராவது அதிகாரிகள் வந்து காப்பாற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வேறு பத்திரிகைக்காரன் முந்திவிடுவானோ என்ற பயம்தான் உண்மை.

அதிகாரிகள் யாரும் வரவில்லை. ஊர்க்காரர்களுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. நம் வேடியப்பன் பேப்பரில் வந்துவிட்டார், இப்படியா அழுக்கோடு நிற்பது என்று கூடிப் பேசி, உத்தரவும் கேட்டு, கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். அடுத்த ஆடிக்கு நாங்கள் தாளும் மையுமாகப் போய் இறங்கியபோது, டைல்ஸ் போட்ட மேடையில் வேடியப்பன் முழு உயரத்துக்கு நின்றார். மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டிருந்தார்கள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கருப்பு. மேலே இருந்த மூன்று வரியும் இல்லை, மண்ணுக்குள் இருந்த வரிகளும் இல்லை. பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு என் செய்தியை மாட்டியிருந்தார்கள். அதற்கும் ஒரு பூச்சரம்.

"நீங்க சொன்னப்புறம்தான் பாய் இவ்ளோ பெருமை தெரிஞ்சுது. எப்டி இருக்குது?" என்று கோவிந்தன் கேட்டார். இனாயத் பாய் கல்லருகே போனார். கண்ணை மூடி, மேலிருந்து கீழாக விரலால் தடவினார். இரண்டு முறை தடவினார். பிறகு, "சுத்தமா இருக்குது" என்றார். இலையில் வைத்துக் கொடுத்த பொங்கலை உட்கார்ந்து சாப்பிட்டார். நான் என் இலையை மடித்துவிட்டேன்.

பஸ்ஸில்தான் பேசினார். "பஃபிங் போட்டுட்டாங்க." வடு ஜாஸ்தியாக இருக்கிற மட்டமான தோலை உப்புத்தாள் உருளையில் கொடுத்து மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிடுவதற்கு ஷாப்பில் சொல்கிற பெயர் அது. "நல்ல தோலுக்கு எவனும் பஃபிங் போட மாட்டான், சார்."

"அவங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சொல்லச் சொல்றீங்க? அவங்களுக்குப் பளபளப்புதான் மரியாதை. சாமிய நாங்களே அழிச்சிட்டோம்னு அந்தக் கோவிந்தன் சாகிற வரைக்கும் பேஜார் ஆவணுமா?"

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகு இருந்த ஆறு வருடத்திலும் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் டீ சொன்னார், புதுக் கல்லைப் பற்றிப் பேசினார், தாளைப் பிடிக்கக் கூப்பிட்டார். நாலு பேர் நடுவில் 'உன்னாலதான்டா போச்சு' என்று சட்டையைப் பிடித்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த நிம்மதியை அவர் எனக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. இறந்துபோன மனிதர் மேல் இப்படி ஒரு கோபம் வைத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். அவர் நினைவாகப் பாலிஷ் போட்ட கருங்கல் பலகை ஒன்றில் தங்க எழுத்தில் அவர் பெயரைப் பொறித்துத் திறப்பார்களாம். திறந்து வைப்பது பேராசிரியர். நான் எழுந்து, "பாலிஷ் போட்ட கல்லை அவர் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்" என்றேன். நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. இரண்டு பேர் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்கள். துக்கத்தில் பேசுகிறார் என்று மைக்கில் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் நஸ்ரீன் வீட்டுக்கு வரச் சொன்னாள். பீரோவிலிருந்து ஒரு நோட்டையும் சுருட்டிய ஒரு தாளையும் எடுத்துக் கொடுத்தாள். "இது உங்களுக்குன்னு தனியா வெச்சிருந்தாங்க அங்கிள்." தாளை விரித்தேன். வேடியப்பன் கல்லின் மைப்படி. கருப்பில் மூன்று வரி வெள்ளை எழுத்து. அதற்குக் கீழே ஒரு முழம் வெறும் தாள். ஐந்து வரிக்கு அளந்து வெட்டியிருக்கிறார். நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஊர்ப் பெயர். வரிகள்: ஐந்து இருக்கலாம். கிடைத்தவை: மூன்று. தாளைப் பிடித்தவர்: மூர்த்தி. நான்கு, ஐந்து: இல்லை. காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் புரட்டினேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. மழை, சுண்ணாம்பு, மண்வெட்டி, மாட்டுக் கொட்டகை என்று அவருடைய சின்னக் கையெழுத்தில் காரணங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் பேனா வைத்த புள்ளிகூட இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். எழுதி அழித்த தடமும் இல்லை.

அவருடைய நோட்டுகள் மற்றவையெல்லாம் நஸ்ரீனிடம் பத்திரமாக இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் போய்க் கேளுங்கள், கொடுப்பாள். என்னிடம் இருப்பவை இரண்டுதான். ஒன்று, பெயர் வரைக்கும் வந்து நின்றுபோன அந்த மைப்படி. இன்னொன்று, அந்த ஒரு நோட்டு. அவர் வேலையில் குறை வைத்துப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. நேற்று உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில், காரணம் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன்.