சட்டப்படி அது உணவு

அகால முதுமையைத் தடுப்பதாகவோ தீர்ப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து விதிகளின் அட்டவணை ஒன்று சொல்கிறது. அரசுப் பணியில் சட்டப் பிரிவிலேயே தலை நரைத்தவன் என்பதால் எனக்கு அது தெரியும். கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் விற்றது மருந்தல்ல, உணவுத் துணைப்பொருள். உடம்பின் ஒவ்வொரு செல்லும் இளமையாகும் என்று டப்பாவின் மேல் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. விதி வாசலில் நின்றுவிட்டது. டப்பா வீட்டுக்குள் வந்துவிட்டது.

கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. வேலை பார்த்த மில் மூடிய பிறகு, சாரம் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கி அதை விற்றுக்கொண்டிருந்தான்.

"மாமா, அக்கா உடம்புல செல்லெல்லாம் இருபது வயசுக்குப் போயிடும், பாருங்க."

"போனா என்னை யாருன்னு கேப்பாடா. எங்க கல்யாணம் அதுக்கப்புறம்தான்."

மறு வருடம் அந்தக் கேலி எனக்கே கசந்தது. ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். பாதம் மரத்துப்போகிறது என்றாள். ஒரு நாள், பிறந்து வளர்ந்த முத்தியால்பேட்டையில் கடைக்குப் போனவள், வீட்டுக்குத் திரும்பும் சந்து தெரியாமல் நின்றாள். வயதானால் அப்படித்தான் என்றார் ஒரு டாக்டர். ரத்தசோகை இல்லை, சத்துக் குறைவாக இருக்காது என்றார் இன்னொருவர். கொஞ்சம் கொஞ்சமாக அவள் என்னை மறந்துவிடப்போகிறாள் என்ற பயத்தோடு, கதிர்காமத்தில் ஓர் இளம் பெண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். மைத்துனனும் வந்தான்.

"அம்மா, இன்னிக்கு என்ன தேதி?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதெல்லாம் இவரத்தான் கேக்கணும். ரிட்டயர் ஆயும் ஆபீஸ் நெனப்புலயே இருக்காரு."

என்னென்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். பல வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று வரிசையாகச் சொன்னேன்.

"தம்பி குடுத்தத விட்டுட்டீங்களே" என்றாள் அவள்.

"அது மருந்தில்ல. சட்டப்படி உணவு."

"சட்டத்துக்கு சரி சார். ரத்தத்துக்கு அது தெரியுமா?" என்று டாக்டர் டப்பாவைக் கேட்டார். மைத்துனன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் ஃபோலிக் ஆசிட் இருந்தது. எவ்வளவு என்று போடவில்லை. அதை நிறையச் சாப்பிட்டால் ரத்தம் பார்வைக்குச் சரியாகிவிடும், பி-12 குறைவது வெளியே தெரியாது, நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும் என்று விளக்கினார். இவளோ பி-12 தரும் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் தொடாதவள்; போதாததற்கு அந்தச் சர்க்கரை மாத்திரையும் பி-12ஐக் குறைக்கக்கூடியது. பரிசோதித்ததில் அதுவேதான்.

அன்றே கம்பெனிக்குப் பதிவுத் தபால் எழுதினேன்: ஒரு மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் எவ்வளவு? எந்தச் செல் இளமையாகும்? பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

ஊசி போடத் தொடங்கினோம். ஒவ்வொரு தடவையும் மைத்துனன்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். "நல்லதுன்னு நெனச்சுத்தான் அக்கா குடுத்தேன்" என்று வழியெல்லாம் சொல்வதாக அவளே வந்து சொன்னாள். வந்து சொல்கிறாள், நினைவிருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அவன் பையில் அந்த டப்பா இருந்ததற்காகவும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. என் சுபாவத்துக்கு அது கொஞ்சம் கஷ்டம். டாக்டருக்குச் சொல்வதில் கஷ்டமே இல்லை. விலை மலிவான ஓர் ஊசியால் என் மனைவியை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

கம்பெனியின் பதில் கடைசியில் பதிவுத் தபாலில் வந்தது. என் ஆர்வத்தைப் பாராட்டி, என்னையும் விற்பனையாளராகச் சேரச் சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கு விடை இல்லை. நான் அதைப் பிரித்துப் படித்தது பிறகுதான். தபால்காரர் வந்தபோது வாசலுக்குப் போனவள் அவள்.

"கையெழுத்துக்குக் கீழ தேதி போடுங்கம்மா. இன்னிக்கு..."

"தெரியும்ப்பா. செவ்வாக்கெழம. நாளைக்கு மாசி பொறக்குது." சொல்லிக்கொண்டே எழுதினாள்.

உள்ளே நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள்: 12 பிப்ரவரி 2008.