பாசியக்காவின் பச்சைக் குடுவை

இறால் குஞ்சு வளர்க்கிற அந்தப் பண்ணையில் அவளுக்குப் பாசியக்கா என்றுதான் பேர். குஞ்சுகள் தின்னும் பச்சைப் பாசியைக் கண்ணாடிக் குடுவையில் தொடங்கி, பெரிய தொட்டிவரை வளர்த்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் அவள் வைத்த ஒரு செடியாவது உருப்பட்டதா? கிடையாது. அதைச் சொல்லியே கணவர் அவளை ஓட்டுவார். ஆனால் பண்ணையில் அவள் கை பட்ட பாசி ஒருநாளும் வாடியதில்லை.

அப்படிப்பட்டவளின் தொட்டி ஒருநாள் திடீரென்று பாசி செத்து வெளுத்துப்போனது. தேய்த்துக் கழுவி மறுபடி வளர்த்தாள். மறுபடி வெளுத்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தப் பாசி ரூமையே மூடிடலாம்மா. பொடித் தீனி வாங்கிப் போட்டுக்கிறேன்" என்றார் முதலாளி.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுத்தத்தில் அவளைக் குறை சொல்ல இனிமேல்தான் ஆள் பிறந்து வரவேண்டும். அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. புதுத் தொட்டியில் பாசி சீக்கிரம் பிடிக்கட்டும் என்று பழைய தொட்டித் தண்ணீரை வடிகட்டி ஒரு வாளி ஊற்றுவது அவள் வழக்கம். வெளுத்த தொட்டியைக் கழுவி மறுபடி வளர்த்தபோதும் அப்படித்தான் ஊற்றியிருந்தாள். வெளுத்த தண்ணீரை அதேபோல் வடிகட்டி, பாசி நன்றாக இருந்த குடுவை ஒன்றில் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். மறுநாள் அதுவும் வெளுத்திருந்தது. பாக்டீரியா நுழையாத வடிகட்டி அது. அதையும் தாண்டி வருகிறதென்றால் வைரஸ்தான். பாசிக்கும் வைரஸ் வருமா என்று கேட்காதீர்கள், தாராளமாக வரும். "அட கடவுளே, நானே தூக்கித் தூக்கி ஊத்தியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது.

ஆனாலும் அந்தக் குடுவையைக் கொட்ட மனசு வரவில்லை. விளக்கடியிலேயே வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் அடியில் மெல்லப் பச்சை தட்டியது. வைரஸிடம் அடி வாங்கியும் சாகாத பாசி! அதை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்தாள்.

பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, பழைய பாசி ஒரு குடுவை, இந்தப் பாசி ஒரு குடுவை என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணெதிரேயே இரண்டிலும் வைரஸ் தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் காலையில் அவர் வந்து பார்த்தபோது பழையது வெளுத்திருந்தது. இது பச்சைப் பசேலென்று இருந்தது.

முதலாளி குடுவையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரூமை மூடுகிற பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை.

"இதைப் பெரிய தொட்டிக்கு எப்போம்மா மாத்தலாம்?" என்றார்.

"போன வாரமே மாத்திட்டேன் சார். உங்க குஞ்சுங்க இப்போ தின்னுக்கிட்டிருக்கிறதே இதைத்தான்."