கஃபீலின் காரில் மாட்டிய நம்பர்

அந்த நம்பர் பிளேட்டைக் கழற்ற அத்தாவுக்கு வெகுநேரம் பிடித்தது. திருகாணிகள் துருவேறியிருந்தன. குவைத்தின் மங்காஃபில் எங்கள் கட்டடத்தின் கீழே, உச்சி வெயிலில் அவர் மண்டியிட்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்போது பத்து வயது. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இனி இது தனி நாடில்லை, எல்லா வண்டியும் ஈராக் நம்பருக்கு மாறவேண்டும், மாறாத வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது என்று உத்தரவு. அம்மாவுக்கு நிறைமாதம். காரில் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. மேல்மாடித் தஞ்சாவூர்க்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், விசா அடிக்காமலே நம்மள ஈராக்குக்கு அனுப்பிட்டானுவளே!" என்றார். அத்தா சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு அந்த ஸ்பேனரக் கொண்டாங்க" என்றார்.

கார் எங்களுடையதல்ல. அத்தாவுக்கு விசா கொடுத்த கஃபீலுடையது. அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்தான் அத்தா பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். படை வந்ததும் கஃபீல் குடும்பத்தோடு சவூதிக்குக் கிளம்பியபோது, இது உன் பொறுப்பு என்று சாவியை அத்தா கையில் வைத்துவிட்டுப் போனார். கஃபீலின் தம்பி போகவில்லை. நம்பரை மாற்றவும் மாட்டேன் என்று பழைய பிளேட்டோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தா மாற்றிய அதே வாரம், சோதனைச் சாவடியில் அந்தத் தம்பியை இறக்கிக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை.

நம்பர் மாற்றிய நான்காம் நாள் அம்மாவுக்கு வலி எடுத்தது. அதே சாவடியில் சிப்பாய் நம்பரைப் பார்த்துவிட்டு "யல்லா" என்று போகச் சொல்லிக் கையசைத்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்த என் தம்பியை ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். பிறகு பஸ்ஸில் ஜோர்டான் போய், அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தோம்.

போர் முடிந்ததும் அத்தா வேறொருவர் விசாவில் குவைத் போய், பழைய வேலையைக் கேட்டு கஃபீல் வீட்டு வாசலில் நின்றார். கூடப் போன ஊர்க்காரர்தான் நடந்ததை எங்களுக்குச் சொன்னார். திவானியா என்னும் வரவேற்புக் கூடத்தில் விருந்தினர் பத்துப் பேர் இருந்தார்களாம். கஃபீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "என் காரில் ஈராக்காரன் நம்பரை மாட்டினாயா?" அத்தா, "மாட்டினேன்" என்றார். "கலாஸ், முடிந்தது" என்று கஃபீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் அத்தாவுக்கு அமீரகத்துப் புஜைராவில் யாரோ ஒருவர் கடையில் வேலை, பக்கவாதத்தில் கால் விழும் வரை.

"ஏன் அத்தா காரணத்தச் சொல்லல?" என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "தம்பியப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்காரு. அவரு முன்னாடி நின்னு, எம் புள்ள பொழச்சிக்கிச்சுன்னு சொல்லவா?" என்பார். "அப்ப ஒங்க பேரு கெட்டது?" "பேரு கெடக்கு, விடும்மா."

என்னால் விட முடியவில்லை. இன்று துபாயில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். செய்தியில் ஏவுகணை என்று கேட்டால் முதலில் காரில் பெட்ரோலைத்தான் பார்க்கிறேன். "மம்மி, ரிலாக்ஸ்" என்று பிள்ளைகள் சிரிக்கின்றன. "நீ பேசாம ஒரு பெட்ரோல் பங்க் வச்சிரு" என்கிறார் கணவர். தம்பி மங்காஃபிலேயே வேலை பார்க்கிறான் என்பது இன்னொரு கவலை.

அத்தா போன வருடம் மௌத்தானார். அடக்கம் முடிந்தபிறகு கஃபீலின் எண்ணைத் தேடிப்பிடித்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அரபியில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன். நான் யாரென்று சொன்னதுமே அந்தக் கிழவர் கேட்டார்: "ஆஸ்பத்திரியில் பிறந்த அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறானா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் குவைத் திரும்பிய அன்றே எங்கள் கட்டடக் காவலாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். தெரிந்தேதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். தெரிந்தேதான் கலாஸ் என்றிருக்கிறார். என் கையிலிருந்த தாளில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. நன்றாக இருக்கிறான், மங்காஃபில்தான் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். பிறகு, "அவனை ஒருமுறை என் வீட்டுக்கு வரச் சொல்" என்றார்.

தம்பியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. பத்துப் பேர் பார்க்க அத்தா நின்ற வாசலுக்கு அவனையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.