இருபத்தைந்து துண்டு ஸ்வீடன்

1. பல்லாவரம் முதல் கோவளம் வரை

சேலையூரில் மர பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். படிப்பு ஏழாவதோடு சரி. முதல் நாளே முதலாளி ஜெபராஜ் சார் ஒரு மர வரைபடத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"இது ஸ்வீடன். பிள்ளைங்க சேர்த்து விளையாடுற படம். இருபத்தஞ்சு மாகாணம், இருபத்தஞ்சு பீஸ். வடக்கே ஒம்பது நீலம், நடுவுல ஆறு மஞ்சள், தெற்கே பத்து பச்சை. இதை வாங்குற அந்த ஊர் பையர் மேடம் வந்து ஏதாவது ஒரு பெட்டியைத் திறப்பாங்க. ஒரு பீஸ் குறைஞ்சாலும் அறுநூறு பெட்டியும் ரிஜெக்ட். அப்புறம் கம்பெனியைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாகாணங்களின் பெயர்களோ வாயில் நுழையவில்லை. அறுப்பு மிஷின் ஓட்டும் ஏழுமலைதான் வழி சொன்னான்.

"இன்னாத்துக்குண்ணா பேஜாராவுற? மேல பெர்சா கீதே லாப்லாந்து, அத்த பல்லாவரம்னு வச்சிக்க. அதுக்குக் கீழ, மேற்கால பொழிச்சலூர். தெக்கால வந்தா மேடவாக்கம். தண்ணில ஒல்லியா, தனியா நிக்குது பாரு, அது கோவளம்."

அந்தக் கோவளத்தின் நிஜப் பெயர் ஓலாந்து. தீவு. மாகாணங்களிலேயே சின்னது, என் சுண்டுவிரல் நீளம். ஒரே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்வீடனைக் கோத்தேன்.

2. ஸ்பூன் இல்லாத பட்டறை

டீக்கடையிலிருந்து வரும் கிளாஸில் சர்க்கரை அடியிலேயே கிடக்கும். ஸ்பூன் தரமாட்டார்கள். மரத்தில் முடிச்சு விழுந்து கழித்துப்போட்ட கோவளங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. பட்டறை மொத்தமும் அதில்தான் டீ கலக்கும். அதற்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும்.

3. மேடம் வந்த நாள்

ஒவ்வொரு பெட்டியையும் மூன்று முறை எண்ணியிருந்தேன். அப்படியும் மனசு ஆறாமல், அன்று காலை ஒரு பெட்டியைத் திறந்து நான்காம் முறை எண்ண உட்கார்ந்தேன்.

"இன்னும் எண்ணிக்கினே இருந்தின்னா ஸ்வீடன் குட்டி போட்டுடும்ணா" என்றான் ஏழுமலை.

மேடம் வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து, திறந்திருந்த அந்தப் பெட்டியையே எடுத்தார். பொறுமையாகக் கோத்தார். கடல் பக்கம் ஒரு பள்ளம் மிஞ்சியது.

"என்ன பீஸ்ப்பா அது?" என்றார் சார்.

"கோவளம் சார்" என்றேன். மேடத்துக்கு அப்படி ஒரு மாகாணம் தெரியவில்லை.

ஏழுமலை என் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, கோவளம் டீல குளிச்சிக்கினு கீது."

மேடம் வருகிறார் என்று பட்டறையைச் சுத்தம் செய்தபோது, சார் அந்தக் கோவள டப்பாவையும் கழிவென்று கொட்டிவிட்டிருந்தார். பதற்றத்தில் என் கை பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கலக்கியிருக்கிறது. டீ வந்து அரை மணி ஆகியிருந்தது.

மேடம் அதை வெளியே எடுத்தார். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையில் டீக்கறை மட்டும்தான். பச்சை துளியும் இல்லை. சாரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நாற்காலி போட வேண்டியதாயிற்று.

"பிள்ளைங்க வாயில வைப்பாங்களாம். சாயம் போகுதான்னு சுடுதண்ணில ஊறப்போடத்தான் வந்தாங்களாம்" என்றார் சார். "நீ முன்னாடியே ஊறப்போட்டுட்ட."

அறுநூறு பெட்டி லாட்டும் பாஸ். ஊறிப் பருத்த ஓலாந்தைத் தட்டித் தட்டிப் பள்ளத்தில் உட்காரவைத்து, அந்தப் பெட்டியை மேடம் தனக்கென்று வாங்கிக்கொண்டார்.

இப்போது செக்கிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். பயம் வந்தால் பெட்டியை நான்காம் முறை திறக்காதீர்கள். உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

மேடம் வந்துபோன மறுநாள் பட்டறைக்கு ஒரு டஜன் ஸ்பூன் வாங்கிப் போட்டேன். சாயங்காலம் எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது. யாரையும் கேட்கவில்லை; முதலில் என் கிளாஸைப் பார்த்தேன்.