சாணிக் கணக்கு

வயதானால் வீட்டில் மரியாதை கூடும் என்று நினைத்திருந்தேன். கூடியது தராசுதான். சர்க்கரை வந்ததிலிருந்து என் இட்லியை எடைபோட்டுத்தான் தட்டில் வைக்கிறாள் மனைவி. "இதில் பாதிக் கணக்குதானே வரும்? உள்ளே போவதை மட்டும் எடைபோட்டால் எப்படி, மீதியையும்..." என்று ஆரம்பித்தேன். சட்னிக் கரண்டி உயர்ந்தது.

என்ன செய்வது, தராசைப் பார்த்தாலே எனக்குக் காய்ந்த சாணி வாசனை வந்துவிடும், முன்னால் இட்லியே இருந்தாலும். என் முதல் உத்தியோகமே அந்த மீதிதான். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுத் தீவன ஆராய்ச்சிக்கு உதவியாளன். போடும் வைக்கோலை எடைபோட வேண்டும். விழும் சாணியைக் காயவைத்து எடைபோட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாட்டின் உடம்பில் சேர்ந்தது. வாளியோடு மாட்டின் பின்னால் காத்திருப்பேன். ஊரில் எனக்குப் பெயர் 'சாணி சார்'. பெண் பார்க்கப் போன இடத்தில் 'ஆராய்ச்சி' என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பச்சையம்மா அக்காவின் பசுவுக்கு மட்டும் கணக்கு விபரீதமாக வந்தது. போட்ட தீனியும் காய்ந்த சாணியும் ஏறக்குறைய ஒரே எடை. அதாவது, மாடு எதையும் செரிக்கவே இல்லை! அவர் கணவர் ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். எலும்பும் தோலுமாக நின்ற அந்தப் பசுவை விற்றுவிடத் துடித்துக்கொண்டிருந்தார் அவர். அக்காவோ அதைக் கன்றிலிருந்து வளர்த்தவர்.

"படிச்சவரே சொல்லிட்டாரு. துன்றது அப்டியே வெளிய வருது. இத்த வச்சிக்கினு இன்னா பண்றது? வாலாஜாபாத் தரகரை நாளைக்கே வரச் சொல்றேன்."

"சார், நல்லா பாத்துச் சொல்லு சார். வாயில்லாத ஜீவன் மேல பளி போடாத."

கணக்கில் நான் புலி; கணக்கைக் கண்டால் புதருக்குள் ஓடுகிற புலி. கொட்டகையிலேயே உட்கார்ந்து மறுபடி போட்டேன். காகிதத்தில் வெயில் அடித்தது. நகர்ந்தேன். அங்கேயும் வெயில். எடைபோடத் தொடங்கிய அன்று அதே இடத்தில் நல்ல நிழலில் குட்டித் தூக்கமே போட்டிருந்தேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். தாழ்ந்த வைக்கோல் கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் கீழே பசு. வாயோரம் ஒரு கத்தை தொங்கியது.

"அய்ய, கூரையைத் துன்னுகினு கீதுய்யா!"

தொட்டியில் போட்டதை எடைபோட்ட மேதை, கூரையை எடைபோடவில்லை. அதையும் சேர்த்தால் செரிமானத்தில் ஒரு குறையும் இல்லை. வெறும் பசி.

"பசிச்சா சொல்லக்கூடாதா அது?" என்று முனகினார் ஏழுமலை.

"மேல பாரு. இதுக்கு மேல எப்டிய்யா சொல்லும்?"

தரகர் வரவில்லை. வயிறு நிறையப் போட்டு மறுபடி எடைபோட்டோம். கணக்கு ஒழுங்காக வந்தது. அடுத்த ஈற்றில் பாலும் வந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இப்போதெல்லாம் ஒரு சிட்டிகைத் தீவனத்தை இயந்திரத்தில் வைத்தால் விவரம் திரையில் வந்துவிடுகிறதாம். வாளிக்கு வேலை இல்லை, என் பதவிக்கு வாரிசும் இல்லை. வைக்கோல் கூரை போய், கொட்டகைக்கு சிமெண்ட் ஷீட். அந்தப் பசுவின் பேத்திக்குப் பேத்தி, தளதளவென்று உள்ளே வந்தது. வந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

"இன்னா பாக்குற? அதெல்லாம் உங்க ஆயாவோட ஆயா காலத்தோட போச்சு" என்றார் அக்கா, தொட்டி நிறையப் புல்லை அள்ளிப் போட்டபடி.