பாதி ஓடு, பாதி ஓலை

பாகம் பிரித்தபோது அண்ணனும் நானும் வீட்டின் நடுவே ஒரு மண்சுவர் வைத்தோம். போன கோடையில் என் பாதிக்கு மட்டும் கொல்லத்து ஓடு போட்டேன். "எனக்கு ஓலை போதும்லே" என்றுவிட்டார் அண்ணன்.

ஓடும் ஓலையும் சேருகிற இடத்தில் சாந்து பூசினேன், தகரம் செருகினேன். மழை அதையெல்லாம் மதிக்கவில்லை.

இன்று காலை நாகர்கோவில் பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

"ஏலே, உன் ஓட்டுத் தண்ணி விழுந்துதான் என் ஓலை அழுகுது."

"உங்க ஓலை அமுங்கினதுனாலதான் அண்ணே ஒழுகுது."

கண்டக்டர் வந்து அதட்டும்வரை பேசினோம்.

மாலையில் வந்து பார்த்தால், நனைந்து ஊறிய நடுச்சுவர் விழுந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒழுகலுக்கு ஒரு பானை வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் என் பானை.

கூரையைச் சேர்த்து மேய்வதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. சுவரை நாளைக்கே எழுப்பவேண்டும் என்பதில் மட்டும் உடனே ஒத்துப்போனோம். இந்தத் தடவை செங்கல்லாம்.

இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். ஒழுகல் நிற்க வழி தெரிந்தவர்கள் அடியில் பென்சிலால் எழுதுங்கள். அண்ணனும் இங்கேதான் பேப்பர் படிக்க வருகிறார்; அவர் எழுத வேண்டாம்.