யார் பக்கத்தில் யார் நிற்பது

நாடக வட்டாரத்தில் அவளுக்குக் கேமராக்காரி என்றுதான் பெயர். இப்போது நாடகம் எழுதுகிறாள், இயக்குகிறாள். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் லேசில் போகுமா?

அப்பா ஒரு இனம், அம்மா வேறொரு இனம். மொழி வேறு, சாமி வேறு, கோபம் வந்தால் திட்டுகிற விதமும் வேறு. கல்யாணத்தோடு இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. நடுவில் பிறந்தவள் பாடுதான் திண்டாட்டம். அப்பா வீட்டில் அவளுடைய சுருட்டை முடியைப் பார்த்து, "அப்படியே அவங்க ஜாடை" என்பார்கள். அம்மா வீட்டில் மூக்கைப் பார்த்து அதையே சொல்வார்கள்.

பிழைப்புக்கு ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாடகக் குழு விளம்பரப் படத்துக்காக அவளைக் கூப்பிட்டது. ஒத்திகையில் நடிகர்கள் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"ராஜா முகமே தெரியலை சார். அந்தம்மா கொஞ்சம் தள்ளி உட்காரட்டும்."

இயக்குநர் முறைத்தார். ஆனால் படத்தைப் பார்த்ததும் மேடையிலும் அப்படியே வைத்துக்கொண்டார். அன்றைக்கு நுழைந்தவள்தான். முதலில் ஆட்களை நிறுத்திவைக்கக் கூப்பிட்டார்கள். பிறகு பாதியில் நின்ற காட்சியை எழுதிக் கொடுத்தாள். பிறகு முழு நாடகம், சொந்தக் குழு. ஸ்டுடியோ வேலையை மட்டும் விடவில்லை. நாடகத்தை நம்பி அடுப்பு மூட்டுகிற அளவுக்கு அவள் ஏமாளி இல்லை.

சொந்தக் கதையை எழுதியபோதுதான் வினை வந்தது. இரண்டு குடும்பம், ஒரு கல்யாணம். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. அப்பாவின் அக்கா போனில் பொரிந்து தள்ளினார்.

"எங்களை மேடையேத்தி நாலு பேர் சிரிக்க வெச்சேன்னா, அப்புறம் அத்தைன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி ஏறாதே!"

அம்மாவின் அண்ணன் மனைவியும் விடவில்லை. அதே மிரட்டல், கொஞ்சம் அழுகையும் சேர்த்து. இரண்டு வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தவள் அவள். எந்த வீட்டை இழந்தாலும் பாதி உயிர் போன மாதிரிதான்.

"கிழிச்சுப் போட்டுடேன்" என்றாள் அம்மா.

அவள் கிழிக்கவில்லை. ஏச்சுப் பேச்சை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வசனமே இல்லாத ஒரு காட்சி வைத்தாள். கல்யாண குரூப் போட்டோ. யார் பக்கத்தில் யார் நிற்பது என்று இரு வீட்டாரும் இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். எந்த வீட்டுக்காரி என்றே தெரியாத ஒரு பெரியம்மா எல்லோரையும் இடித்துத் தள்ளுகிறாள். போட்டோக்காரன் நடுவில் பம்பரமாய்ச் சுற்றுகிறான்.

நாடகம் அரங்கேறிய முதல் நாள், அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்க்க இருவரும் வந்துவிட்டார்கள்; அத்தை இடது ஓரம், மாமி வலது ஓரம். கேமராக்காரி திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தக் காட்சி வந்தது. இடது பக்கம் சிரிப்பு. வலது பக்கமும் சிரிப்பு. எட்டிப் பார்த்தால், மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். அத்தைக்குப் புரையே ஏறிவிட்டது. அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

நாடகம் முடிந்ததும் அத்தை வந்து காதைக் கடித்தார். "அந்த இடிக்கிற பொம்பளை உன் மாமிதானே? அச்சு அசல்!"

அவர் நகர்ந்ததும் மாமி வந்தார். "உங்க அத்தையை நல்லா வாரிட்டே, போ!"

இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவைத்தாள். சொன்னால் வம்பு.

கொஞ்ச நேரத்தில் அரங்கு வாசலில் ஒரே சத்தம். யாரோ நாடகத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். "எங்க பொண்ணாச்சே! இந்தக் குசும்பெல்லாம் எங்க ரத்தம்" என்று அத்தை பெருமையடித்திருக்கிறார். மாமி சும்மா விடுவாரா?

"உங்க வீட்ல யாரு சிரிச்சு யாரு பாத்தா? அவ எங்க பொண்ணு!"

அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "போய் விலக்கிவிடுடி!"

கேமராக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

"இரும்மா. இத்தனை வருஷமா என்னை அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு தள்ளித்தானே விட்டாங்க? கொஞ்ச நேரம் இழுத்துக்கட்டும்."